கையடக்க விறகடுப்பு வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையேறுகிறவர்கள், தோட்டத்திலோ எஸ்டேட்டிலோ கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் என்று யாராக இருந்தாலும், விறகடுப்பு வாங்கும்முன் கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகளைத்தான். கேட்டவர்கள் கேட்டபடியே கீழே இருக்கின்றன. அவசரமாக இருப்பவர்கள் கடைசிக்கு முந்தின கேள்வியை மட்டுமாவது படித்துவிட்டுக் காசைச் செலவழியுங்கள்.

மூணு கல்லை வெச்சுப் பத்த வெச்சா சோறு வேகாதா? இதுக்கு எதுக்குத் தனியா ஒரு அடுப்பு?

வேகும். ஆனால் விறகு அதிகம் தின்னும். ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 335 கிலோஜூல் வெப்பம் வேண்டும். நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 16,000 கிலோஜூல் இருக்கிறது. திறந்த மூன்று கல் அடுப்பில் அதில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் ஏழில் ஒரு பங்குதான் பாத்திரத்தில் ஏறுகிறது. மற்றதெல்லாம் பக்கவாட்டில் போய்விடும். சுவர் உள்ள சின்ன அடுப்பில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கிடைக்கும். அதாவது ஒரு லிட்டருக்கு 100 கிராம் சொச்சம் சுள்ளி போதும். கல் அடுப்பில் அதுவே 200 கிராமைத் தொடும், காற்றடித்தால் தாண்டிவிடும்.

இன்னொரு காரணம் தரை. கல் அடுப்பு மண்ணைக் கருக்கிவிடும், அந்தத் தடம் மாதக்கணக்கில் மாறாது. அதோடு, ஆற்றங்கரையிலிருந்து எடுத்துவந்த கல்லின் உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் வெடித்துச் சில்லு தெறிக்கும்.

கேஸ் அடுப்பைவிட இது நல்லதா?

இரண்டு இரவுக்குள் முடியும் பயணம் என்றால் கேஸ்தான் வசதி. திருகினால் எரியும், பாத்திரம் கறுக்காது, மழையைப் பற்றிக் கவலை இல்லை. விறகடுப்புக்கு ஒரு ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு சுள்ளி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நாட்கள் கூடக்கூட விறகடுப்பின் பக்கம் தராசு சாயும், ஏனென்றால் டப்பாக்களைச் சுமக்க வேண்டியதில்லை. குளிரும் ஒரு காரணம். வெறும் பியூட்டேன் நிரப்பிய டப்பா பூஜ்யம் டிகிரியை நெருங்கினால் சோர்ந்துவிடும், அந்த வாயுவின் கொதிநிலையே மைனஸ் அரை டிகிரிதான். டிசம்பர் அதிகாலையில் ஊட்டிப் பக்கம் கேஸ் அடுப்பு முனகுவது இதனால்தான். பயண வசதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரயிலில் கேஸ் கொண்டுபோவது குற்றம். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் அப்படிக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். காலி விறகடுப்பு வெறும் பாத்திரம் மாதிரி, பையில் போட்டுக்கொண்டு போகலாம். விமானம் என்றால் கரியைச் சுத்தமாகக் கழுவி, செக்-இன் பெட்டியில் வையுங்கள். தீப்பெட்டி, லைட்டர், கற்பூரம் மூன்றையும் இறங்கிய ஊரில் வாங்கிக்கொள்ளலாம்.

கடையில பார்த்தா எல்லாம் டப்பா மாதிரியே இருக்கு. எத்தனை வகைதான் இருக்கு?

முதுகுப்பையில் போகிற அளவில் நான்கு வகை. தகடுகளைக் கோத்துப் பெட்டியாக்கும் மடிப்பு அடுப்பு முதலாவது. பிரித்தால் ஒரு நோட்டுப் புத்தகம் மாதிரி தட்டையாகிவிடும், பக்கவாட்டு வாயில் நீளச் சுள்ளியை அப்படியே செருகலாம். இரண்டாவது, உருளை வடிவ இரட்டைச் சுவர் அடுப்பு. மூன்றாவது, மின்விசிறி வைத்தது. நான்காவது, நடுவில் புகைபோக்கி போலத் துளை ஓடும் கெட்டில். தண்ணீர் அந்தத் துளையைச் சுற்றி நிற்பதால் சீக்கிரம் கொதிக்கும், ஆனால் டீ, காபி, நூடுல்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

எல் வடிவ ராக்கெட் அடுப்பும் உண்டு. விறகு மிச்சம் பிடிப்பதில் கெட்டிக்காரன், ஆனால் எடை பல கிலோ. கார் டிக்கியில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு மட்டும்.

ரெட்டைச் சுவர் அடுப்புல புகையே வராதுங்கறாங்க, நிஜமா?

சரியாக எரித்தால் பெரும்பாலும் வராது. புகை என்பது எரியாமல் தப்பித்த எரிபொருள்தான். இந்த அடுப்பில் அடித்துளை வழியாக வரும் காற்றில் ஒரு பங்கு விறகுக்குப் போகிறது. மீதி, இரண்டு சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் சூடேறி மேலே வந்து, உள்சுவரின் மேல் விளிம்புக்குக் கீழே வரிசையாக உள்ள துளைகளில் வெளிப்படுகிறது. விறகிலிருந்து கிளம்பும் புகை அங்கே அந்தச் சூடான காற்றோடு கலந்து எரிந்துவிடும். அடுப்பு சூடான பின் குனிந்து பாருங்கள்: ஒவ்வொரு துளையிலிருந்தும் கேஸ் பர்னர் மாதிரி குட்டிக் குட்டிச் சுடர் உள்நோக்கி நீளும். அது தெரிந்தால் அடுப்பு சரியாக வேலை செய்கிறது என்று பொருள்.

அது கெடுவது மூன்று விதத்தில். மேல் துளைகளை மறைக்கும் அளவுக்கு விறகை அடைப்பது, ஈர விறகு, பாத்திரத்தை விளிம்போடு ஒட்டி வைப்பது. பாத்திரத்தின் அடிக்கும் விளிம்புக்கும் இடையே இரண்டு, இரண்டரை செ.மீ. இடைவெளி வேண்டும். அதனால்தான் பாத்திர வளையம் தனியாகக் கொடுக்கிறார்கள். அதைத் தொலைத்துவிட்டால் அடுப்பு பாதி உபயோகம்கூட இல்லை.

மலிவு விலையில் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிலவற்றில் வெளிச்சுவரில் மட்டும் அழகுக்குத் துளை போட்டிருப்பார்கள். விளம்பரப் படத்தில் அடுப்பின் உட்புறம் தெரிகிறதா, உள்சுவரின் மேற்பகுதியில் துளை வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது சாதாரண டப்பா.

நாங்க நாலு பேர். எந்த சைஸ் வாங்கறது?

ஒருவர், இருவர் என்றால் 10, 11 செ.மீ. விட்டம் போதும். உதாரணத்துக்கு, சோலோ ஸ்டவ் லைட் என்ற இரட்டைச் சுவர் அடுப்பு 255 கிராம்தான். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க 8 முதல் 10 நிமிடம் ஆகும் என்கிறது தயாரித்த நிறுவனம். காற்று, விறகின் காய்ச்சலைப் பொறுத்து இன்னும் ஐந்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கு அதில் சமைக்க முடியாது என்றில்லை, ஆனால் 2 லிட்டர் பாத்திரத்தை 10 செ.மீ. அடுப்பில் ஏற்றினால் கரண்டி போட்டுக் கிண்டும்போதே சாயும். பாத்திரம் அடுப்பைவிட 5, 6 செ.மீ. அகலம் கூடுதலாக இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

நான்கு பேருக்கு 17, 18 செ.மீ. விட்டம் சரி, எடை ஒரு கிலோவை ஒட்டி வரும். அதற்குப் பதில் சின்ன அடுப்பு இரண்டு எடுத்துப்போவது மேல். ஒன்றில் சோறு, ஒன்றில் குழம்பு, சுமையையும் இரண்டு முதுகில் பிரித்துக்கொள்ளலாம்.

எவர்சில்வரா, டைட்டானியமா?

எடைக்கு டைட்டானியம், மற்ற எல்லாவற்றுக்கும் எவர்சில்வர். டைட்டானியம் மடிப்பு அடுப்புகள் 150, 200 கிராமில் கிடைக்கின்றன. தகடு மெல்லிசு, முதல் சூட்டிலேயே லேசாக வளையும். வளைந்தால் கோப்பதற்குக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும், எரிவதில் குறை வராது.

எவர்சில்வரில் 304 ரகம் கேளுங்கள். நம் ஊர்ப் பாத்திரக் கடைகளில் ஓடும் 202 ரகத்தில் நிக்கல் குறைவு, சூடும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் சீக்கிரம் துருப்பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள், தெரியாது. இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. நன்றாக ஒட்டினால் அது வேறு ரகம் என்பது மட்டும் தெரியும். அலுமினியத்தில் செய்த விறகடுப்பு என்று எதையாவது காட்டினால் வாங்காதீர்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், தணலின் நடுவே அதைத் தாண்டிப் போவது சாதாரணம்.

ஃபேன் வெச்சது வாங்கலாமா? போன்கூட சார்ஜ் ஆகுமாமே?

விசிறி இருந்தால் தீ வேகமாகப் பிடிக்கும், அரைகுறை ஈர விறகையும் சமாளிக்கும். பயோலைட் கேம்ப்ஸ்டவ் 2 ப்ளஸ் போன்றவை அடுப்பின் சூட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கின்றன. ஆனால் கிடைப்பது அதிகபட்சம் 3 வாட். போன் முழுசாக ஏற மணிக்கணக்கில் விறகு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்பின் எடையோ 900 கிராமுக்கு மேல். போன்தான் கவலை என்றால் அந்த எடைக்குச் சாதா அடுப்பு ஒன்றும் பவர் பேங்க் ஒன்றும் வாங்கி மீதியும் பிடிக்கலாம். விசிறிப் பெட்டி நனைந்து கெட்டால் மலைமேல் பழுது பார்க்க ஆளும் இல்லை.

என்ன விறகு போடணும்? எது கிடைச்சாலும் போடலாமா?

அடுப்பு எதுவானாலும் சமையல் விறகின் கையில் இருக்கிறது. ஒடித்தால் 'டப்' என்று சத்தத்தோடு முறிய வேண்டும். வளைந்தால், நார் நாராகத் தொங்கினால் ஈரம். சின்ன அடுப்புக்கு விரல் தடிமனில் 6 முதல் 8 செ.மீ. நீளத்துக்கு ஒடித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலைவிடத் தடித்தது சின்ன அடுப்பில் தீயை மந்தமாக்கும்.

கையோடு எடுத்துப்போக சவுக்கு மிளாருக்கு இணை இல்லை. நேரான குச்சி, நின்று எரியும், கங்கு நன்றாக விழும். ஒரு கிலோ கட்டு இரண்டு பேருக்கு ஒரு நாள் டீ, ஒரு வேளைச் சோறு, குழம்புக்கு வரும். சீமைக்கருவேலமும் நல்ல விறகு, முள்ளை வீட்டிலேயே சீவிவிட்டு எடுங்கள், இல்லையென்றால் பையும் கிழியும், கூடாரமும் கிழியும். கொட்டாங்குச்சியை ரூபாய் அளவுக்கு உடைத்து, தீ நன்றாகப் பிடித்த பிறகு போடுங்கள். ஆரம்பத்திலேயே போட்டால் கரும்புகை. மூங்கிலைப் பிளந்துதான் போட வேண்டும். கணு மூடிய துண்டு உள்காற்று விரிந்து பட்டாசு மாதிரி வெடிக்கும். தைலமரச் சருகு குப்பென்று பற்றிப் பொறி பறக்கும், காய்ந்த புல் பக்கத்தில் இருந்தால் தொடவே வேண்டாம்.

அரளியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அதன் எல்லாப் பாகமும் விஷம், புகையும் கெடுதல். ரோட்டோரத்தில் வெட்டிப் போட்டிருக்கிறதே என்று பொறுக்கிவிடாதீர்கள். என்ன மரம் என்று தெரியாத குச்சி, பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் எதுவும் சமையல் அடுப்புக்கு ஆகாது.

பத்த வைக்கவே அரை மணி நேரம் ஆகுது. என்ன தப்பு பண்றேன்?

பெரும்பாலும் கீழிருந்து பற்றவைக்கிறீர்கள். வீட்டு அடுப்பில் அது சரி. இரட்டைச் சுவர் அடுப்பில் மேலிருந்து கீழே எரிய வேண்டும். அடியில் விரல் தடிமன் குச்சிகளை நெருக்கமாக, ஆனால் காற்றுப் போக இடம் விட்டு அடுக்குங்கள். அதன் மேல் பென்சில் தடிமன், அதற்கும் மேல் ஈர்க்குச்சித் தடிமன். மொத்தமும் மேல் துளை வரிசைக்கு ஒரு விரல்கடை கீழேயே நிற்கட்டும். உச்சியில் தென்னம் பன்னாடையைக் கசக்கிக் கூடு மாதிரி வைத்து, நடுவில் ஒரு வில்லை கற்பூரம். ஈரக்காற்றிலும் பற்றும், ஊதினாலும் சட்டென்று அணையாது. கற்பூரம் காற்றில் கரைந்துவிடும் என்பதால் இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

முதல் மூன்று நான்கு நிமிடம் பாத்திரத்தை ஏற்றாதீர்கள். அடுப்பின் சுவர் சூடாகாமல் மேல் துளைகள் வேலைக்கு வராது. மடிப்பு அடுப்பில் இந்த அடுக்கெல்லாம் தேவையில்லை. அடியில் பன்னாடை, மேலே சுள்ளி, பக்கவாயில் நீளக் குச்சி என்று வழக்கம்போல் மூட்டலாம்.

ராத்திரி மழை. கிடைச்ச விறகெல்லாம் நனைஞ்சிருக்கு. என்ன பண்றது?

நனைந்த விறகும் பச்சை விறகும் வேறு வேறு. பச்சை விறகை ஒன்றும் செய்ய முடியாது. வெறும் மழையில் நனைந்த காய்ந்த கட்டைக்கு ஈரம் மேலோடு நிற்கும். மணிக்கட்டுத் தடிமன் கட்டையை எடுத்து, கத்தியின் முதுகில் இன்னொரு கட்டையால் தட்டித் தட்டி நான்காக, எட்டாகப் பிளந்தால் உள்ளே காய்ந்த பகுதி கிடைக்கும். அதைச் சிராய் சிராயாகச் சீவி முதல் தீ மூட்டுங்கள். மேலோட்டுத் துண்டுகளை அடுப்பைச் சுற்றிச் சாய்த்து வைத்தால் அந்தச் சூட்டிலேயே காயும், அடிக்காற்றுத் துளைகளை மட்டும் மறைத்துவிடாதீர்கள். இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் முதல் வேளைக்கான 200 கிராம் சுள்ளியை பாலிதீன் பையில் கட்டி வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள்.

பாத்திரம் கரியாப் போகுதே, தடுக்க முடியாதா?

தடுக்க முடியாது, கழுவுவதைச் சுலபமாக்கலாம். பாட்டிமார் செய்ததுதான்: சாம்பலையோ மண்ணையோ தண்ணீரில் குழைத்துப் பாத்திரத்தின் வெளிப்பக்கம் பூசிக் காயவிட்டு ஏற்றுங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தடவினாலும் அதே வேலை செய்யும். கரியும் அதோடு கழன்று வந்துவிடும். அல்லது, கறுத்தால் கறுத்துப் போகட்டும் என்று விட்டுத் துணிப்பையில் போட்டு எடுத்துவாருங்கள். கறுத்த பாத்திரம் சமைக்கக் கெட்டதில்லை.

சாதம் அடி பிடிக்குது, பருப்பு வேக மாட்டேங்குது.

இரண்டுக்கும் காரணம் வேறு. விறகடுப்பில் தீயைச் சிம்மில் வைக்க முடியாது, அதனால் அடி பிடிக்கிறது. ஒரு டம்ளர் அரிசியை அரை மணி ஊறவையுங்கள். தண்ணீர் இரண்டரை டம்ளர். கொதி வந்ததும் 6, 7 நிமிடம் எரித்துவிட்டு, மூடி, இறக்கி, துண்டிலோ போர்வையிலோ இறுக்கிச் சுற்றி 20 நிமிடம் வைத்துவிடுங்கள். மீதி வேக்காடு சொந்தச் சூட்டிலேயே நடக்கும். விறகும் மிச்சம்.

பருப்பு வேகாததற்கு உயரம் காரணம். 300 மீட்டர் ஏற ஏறத் தண்ணீரின் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி குறையும். கொடைக்கானல் உயரத்தில், அதாவது 2,100 மீட்டரில், 93 டிகிரிக்கே கொதித்துவிடும். துவரம்பருப்புக்கு அது போதாது. குக்கர் வைக்கலாமே என்று தோன்றும். தீ பக்கவாட்டில் நக்கி பிளாஸ்டிக் கைப்பிடியையும் ரப்பர் வளையத்தையும் கெடுத்துவிடும். பாசிப்பருப்புக்கு மாறிவிடுங்கள், அல்லது துவரையை வீட்டிலேயே வேகவைத்து மசித்துக் காயவைத்துக் கொண்டுபோங்கள்.

மழை விடவே இல்லை. கூடாரத்துக்குள்ள, ஜிப்பைத் திறந்து வெச்சுப் பத்த வைக்கலாமா?

கூடாது. துணி பற்றிக்கொள்வது ஒரு ஆபத்து. அதைவிடப் பெரியது கார்பன் மோனாக்சைடு. நிறமும் வாசனையும் இல்லை. தலைவலி, அசதி என்று தொடங்கி ஆளைத் தூங்கவைத்துக் கொன்றுவிடும். புகை வராத தணல்தான் இதை அதிகமாகக் கக்கும், எனவே 'கங்குதானே இருக்கிறது, குளிருக்கு உள்ளே வைத்துக்கொள்வோம்' என்பது இன்னும் மோசம். நான்கு பக்கமும் திறந்த தார்ப்பாய் பந்தல், தலைக்கு மேல் உயரமாக, அதற்குக் கீழே அடுப்பு. அதுவும் இல்லையென்றால் அவலை நனைத்து வெல்லம் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

வீட்டிலேயே டின்னுல செஞ்சுக்கலாமா?

தாராளமாக. பெரிய டின்னுக்குள் சின்ன டின் இறங்கி, சுற்றிலும் ஒரு செ.மீ. இடைவெளி இருந்தால் இரட்டைச் சுவர் அடுப்புக்கான ஆதாரம் கிடைத்துவிட்டது. துளைகள் எங்கே என்பது புகை பற்றிய பதிலில் இருக்கிறது. சின்ன டின்னின் விளிம்பிலிருந்து 2 செ.மீ. கீழே 6 மி.மீ. துளைகள் 16 முதல் 20, இரண்டு டின்னின் அடியிலும் தாராளமாகக் காற்றுத்துளை. முதல் தடவை வெறுமனே அரை மணி வெளியில் எரித்து, பெயின்ட்டும் உள்பூச்சும் போன பிறகு சமையுங்கள்.

நாகம் (துத்தநாகம்) பூசிய தகரத்தை மட்டும் எடுக்காதீர்கள். பக்கெட், தண்ணீர்க் குழாய் செய்யும் சாம்பல் நிறப் பூத்தகடு அது. நாகம் 420 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். இன்னும் சூடேறிப் புகைந்தால் அதைச் சுவாசித்தவருக்குக் குளிர்காய்ச்சல் மாதிரி வரும்.

இது அடுப்புதானே, கேம்ப்ஃபயர் இல்லையே. காட்டுக்குள்ள பத்த வைக்கலாம்தானே?

வாங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. தமிழ்நாட்டுக் காப்புக்காடுகளில் தீ மூட்டுவதையும் தீ கொண்டுபோவதையும் 1882-ஆம் ஆண்டு வனச் சட்டமே கட்டுப்படுத்துகிறது. சரணாலயங்களுக்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அடுப்பு, கேம்ப்ஃபயர் என்ற பேதமெல்லாம் வனத்துறையிடம் செல்லாது. சுள்ளி பொறுக்குவதும் தனிக் குற்றமாகலாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு கெடுபிடி கூடியிருக்கிறது, கூடவும் வேண்டும். வனத்துறை வழிகாட்டியோடு போகும் பாதைகளில் அடுப்பைப் பையிலிருந்தே எடுக்காதீர்கள். கட்டுச்சோறு போதும்.

இமயமலைக்கு வாங்குகிறேன் என்பவர்களுக்கு: மரம் வளரும் எல்லையான மரக்கோட்டுக்கு மேலே விறகே கிடையாது. உத்தராகண்டின் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதையே அங்குள்ள உயர்நீதிமன்றம் 2018-இல் தடுத்தது. அங்கே கேஸ்தான்.

ஆக, விறகடுப்பின் இடம் உரிமையாளர் சம்மதம் தந்த எஸ்டேட், தோப்பு, வயல், கட்டணம் வாங்கும் முகாம் மைதானம். அப்படிப்பட்ட இடங்களுக்கு வருஷத்தில் இரண்டு தடவையாவது போவீர்கள் என்றால் வாங்குங்கள். இல்லையென்றால் மேலே சொன்ன டின் அடுப்பில் ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம். விறகையும் மேலே சொன்னபடி வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள்.

சமையல் முடிஞ்சுது. தண்ணியை ஊத்தி அணைச்சுடலாமா?

சூடான அடுப்பில் நேராக ஊற்றாதீர்கள். தகடு நெளியும், வெல்டிங் செய்த இடம் விட்டுப்போகும், கொதிநீராவி முகத்தில் அடிக்கும். கடைசி டீ கொதிக்கும்போதே சுள்ளி போடுவதை நிறுத்திவிடுங்கள். 15, 20 நிமிடத்தில் மிச்சம் சாம்பலும் கொஞ்சம் கங்கும்தான் இருக்கும். அதைக் குழியிலோ பழைய டின்னிலோ கொட்டி, தண்ணீர் விட்டுக் குச்சியால் கிளறி, மறுபடி விட்டுக் கிளறுங்கள். புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பார்த்துச் சூடில்லை என்றால் தொட்டும் பாருங்கள். சாம்பலுக்கடியில் கங்கு மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

அடுப்பு வைத்த தரையையும் தொட்டுப் பாருங்கள். அடியில் தட்டையான கல்லோ பழைய டைல்ஸ் துண்டோ வைத்திருந்தால் மண் சூடாகியிருக்காது. ஆறிய அடுப்பைத் துடைத்து, காய்ந்த பிறகு பையில் போடுங்கள். ஈரச் சாம்பல் உள்ளே தங்கினால் 304 ரகமும் புள்ளி புள்ளியாக அரிக்கும்.